மாற்றி வைத்த பெயர்

சொனு வாத்தியாரின் மனைவிக்குக் கடவுள்மேல் பொறாமை. வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய வியாதியா இது? அடுத்த வீட்டுக்காரி மேல் என்றால் கிணற்றடியில் நாலு பேர் சேர்ந்து உச்சுக் கொட்டுவார்கள். புருஷன் சின்ன வீடு வைத்திருக்கிறான் என்றால் கூட அழ ஆள் கிடைக்கும். வானத்தில் இருப்பவர்மேல் வயிறெரிகிறது என்றால் பைத்தியம் என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். அதனால் அவள் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்தாள்.

ரஷ்யாக்காரனும் ஜப்பான்காரனும் எங்கள் மண்ணில் வந்து அடித்துக்கொண்டு போனதற்கு மறு வருஷம் அது. தேதோங் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சந்தை ஊரில் பாதிப் பேர் வேதத்துக்கு மாறியிருந்தார்கள். சொனு வாத்தியார் மாறியதுதான் பெரிய அதிசயம். சீன எழுத்துகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த மனிதர். அளந்துதான் பேசுவார், அதையும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். அப்படிப்பட்டவர், வேதத்துக்கு வந்தபிறகு தினமும் விடியற்காலையில் குதிரைமயிர்த் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்த பைன் மரக் குன்றில் ஏறி, "ஹனனிம், ஹனனிம்" என்று கடவுளைத் தொண்டை கிழியக் கூப்பிட்டார். அந்தக் குரல் குன்றிலிருந்து இறங்கி, அடுப்பில் தினை வேகிற சத்தத்தையும் தாண்டி, அவள் காதில் வந்து விழும்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்த மனிதர் அவளை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். சோறு வேண்டுமென்றாலும் "இந்தா", காய்ச்சலில் கிடந்தாலும் "இந்தா". அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பெயர் ஏது? பிள்ளை பெற்றால் இன்னாரின் அம்மா. பெறாவிட்டால் வந்த ஊரின் பெயர். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை, அவள் பிறந்த ஊர் ஜாசான், ஆகவே முதுகுக்குப் பின்னால் ஜாசான்காரி, முகத்துக்கு நேரே வாத்தியார் வீட்டம்மா. ஒன்று அப்பன் ஊருடையது, மற்றது புருஷன் தொழிலுடையது. அவளுடையது என்று எதுவுமில்லை.

பிறந்தபோது ஒரு பெயர் இருந்தது. ஐந்தாவதும் பெண்ணாகப் போய்விட்டதால் அப்பன் 'கோமானி' என்று கூப்பிட்டான். 'போதும்' என்று அர்த்தம். பல்லக்கு ஏறிய அன்றைக்கு அதை ஜாசானிலேயே விட்டுவிட்டு வந்தாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

வேதத்துக்கு மாறுவதற்கு முன்னால் வாத்தியார் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலானதற்குப் பெயர் கிடையாது, வாயால் சொல்ல முடிந்தால் அது மேலானதே இல்லை, பெயர் வைப்பது பானைக்குள் ஆற்றை அடைக்கிற வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவார். சமையல்கட்டிலிருந்து அதைக் கேட்டு அவள் தன்னைச் சமாதானம் செய்துகொள்வாள். சரி, நம்மையும் மேலானவள் என்று நினைத்துத்தான் கூப்பிடாமல் இருக்கிறார் போல, என்று. இருபது வருஷத்தை இந்த ஒரு கற்பனையில் ஓட்டினாள் என்றால் அவள் பொறுமையைப் பாருங்கள்.

பிறகு மா பாதிரியார் வந்தார். கடல் தாண்டி வந்த நெட்டை மூக்குக்காரர், எங்களுக்காக 'மா' என்று ஒரு குடும்பப் பெயரை வாங்கி மாட்டிக்கொண்டவர். வாத்தியாரும் அவரும் கடவுளை என்ன பெயரால் எழுதுவது என்று மூன்று மாதம் வாதாடினார்கள். படித்தவர்கள் புத்தகத்தில் இருக்கிற சீனப் பெயரா, சந்தையில் மாட்டுக்காரனும் மழைக்காகக் கூப்பிடுகிற 'ஹனனிம்' என்ற பெயரா? கடைசியில் வாத்தியார் மாட்டுக்காரன் பக்கம் சாய்ந்தார். அது வானம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வாத்தியார் கட்சி வேறு. 'ஹனா' என்றால் ஒன்று, 'நிம்' என்றால் மரியாதை, ஆக, 'ஒருவர்', இரண்டாவது இல்லாதவர் என்று அவர் முகம் மலரச் சொன்னதை அவளும் கேட்டாள். கடவுளுக்கு ஒரு பெயர் தேட மூன்று மாதம் மல்லுக்கட்டிய மனிதருக்கு எனக்கு ஒன்று யோசிக்க ஒரு பொழுதுகூட இல்லையே என்று அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல்தான் அது.

அதுவாவது வானத்தோடு போயிற்று. பூமியிலும் ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு விதவை இருந்தாள். விடியலில் சோயா அரைத்துக் கொதிக்கவைத்துக் கட்டிகட்டியாகத் தூபு பிழிந்து சந்தையில் விற்பாள். ஊருக்கே அவள் தூபுக்காரி. ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கிற வழக்கத்தை அவள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் முந்தியவள் அவள்தான். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபை நடுவே அவளைப் பாராட்டினார். "நம்ம தூபு அம்மாவப் பாருங்க" என்று வாய் நிறையச் சொன்னார். கவனியுங்கள், அவளுக்குத் தூபு என்றாவது ஒன்று கிடைத்தது. திரும்பி வரும்போது துணியில் சுற்றிய சூடான தூபு ஒன்று அவர் கையில் இருக்கும். ஜாசான்காரி அதை வாங்கி, கத்தி வைக்க வேண்டிய இடத்தில் முஷ்டியை வைத்து நசுக்கிக் குழம்பில் போடுவாள். "என்ன இந்தா, இன்னிக்கு உதிர்ந்து போச்சு" என்பார் அவர். வாராவாரம் உதிர்ந்துதான் போயிற்று.

அந்த இலையுதிர் காலத்தில் ஏழு பெண்களுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. தண்ணீர் ஊற்றும்போது பெயர் சொல்லித்தான் ஊற்ற வேண்டும். பெயரே இல்லாத ஏழு பேருக்கு எதைச் சொல்லி ஊற்றுவது? மா பாதிரியார் வேதத்தில் வருகிற பெண்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வாத்தியாரிடம் கொடுத்தார். யாருக்கு எது என்று பார்த்துச் சீன எழுத்தில் அழகாக எழுதித் தரச் சொன்னார். இந்தச் செய்தி கேட்டதிலிருந்து ஜாசான்காரிக்குத் தூக்கம் கெட்டது. கடைசியில் அவர் வாயால் அவளுக்கு ஒரு பெயர். முப்பத்தொன்பது வயதில்.

ஒருநாள் வெட்கத்தை விட்டு, எனக்கு என்ன வைக்கப் போறீங்க என்று கேட்டும் பார்த்தாள். அவர் காது மடல் சிவந்தது. "அன்னிக்குத் தெரியும்" என்று புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் பரீட்சை. ஒவ்வொருத்தியாக உள்ளே போக வேண்டும். மா பாதிரியார் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். கடவுளின் பெயர் என்ன என்று அவளிடம் கேட்டார். அதற்கு ஹனனிம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. உங்கள் வேதத்தில் உண்மையான பெயர் ஒன்று இருந்ததாமே, மரியாதை மரியாதை என்று யாரும் வாயால் சொல்லாமலே இருந்து கடைசியில் அதை எப்படிச் சொல்வது என்பதே மறந்துபோனதாமே, எங்கள் வீட்டில் சொன்னார், அது நிஜமா என்று அவரையே திருப்பிக் கேட்டாள். பாதிரியார் நிஜம்தான் என்றார்.

"பாவம் ஐயா அவரு" என்றாள் ஜாசான்காரி. "கூப்பிட ஆளில்லாத பேரு செத்துத்தான் போவும்."

பாதிரியார் பேச்சை மாற்றி, அறிக்கையிட வேண்டிய பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். பொறாமை என்றாள். யார்மேல் என்றார். அவள் விரலை மேலே காட்டினாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, கடவுளும் தன்னைப் பொறாமைக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், ஆனால் அவருக்கு அதற்கு உரிமை உண்டு, உனக்கு இல்லை என்று சொல்லி, தேர்ச்சி என்று எழுதினார். உரிமை இல்லையாம். இருபத்திரண்டு வருஷம் சோறாக்கிப் போட்டவளுக்கு.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பகலில் வாத்தியார் ஏழு சீட்டுகளை எழுதினார். சூடான தரையில் உலர வைத்தார். ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, உறைமேல் யாருடையது என்று, பெண்களும் கூட்டிப் படிக்கிற எங்கள் சாதாரண எழுத்தில் குறித்தார். தூபு வீடு, கருமான் வீடு, படகு வீடு என்று அடையாளம் எழுதி, கடைசி உறையில் 'என் வீடு' என்று எழுதினார். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அவள் முதலில் தன் உறையைத்தான் திறந்தாள். சீன எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் சந்தைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று தெரியும். சீட்டின் மேல்பகுதியில் படுக்கையாக ஒரு கோடு. ஒன்று. அதன்கீழே ஒரு வளைவு, சுற்றி மூன்று துளிகள். அவ்வளவுதான். மூக்குச் சிந்துகிற நேரத்தில் எழுதிவிடலாம்.

பிறகு தூபு வீட்டு உறையைத் திறந்தாள். அதில் இரண்டு எழுத்துகள், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை கோடுகள். கல்யாணப் பாவாடையில் பூ வேலை செய்த மாதிரி. எத்தனை முறை தூரிகையை நனைத்திருப்பார், எத்தனை முறை மூச்சைப் பிடித்திருப்பார். மற்ற ஐந்தையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் கோடுகள் நிறைந்திருந்தன. அவளுடையதில்தான் வஞ்சனை.

அப்பன் எண்ணிப் பார்த்துப் போதும் என்றான். புருஷன் எண்ணிப் பார்த்து ஒன்று என்று கோடு போட்டிருக்கிறார். வீட்டில் ஒரு பானை, ஒரு மாடு, ஒரு பெண்டாட்டி. அவளுக்குக் கண் சிவந்தது. அழவில்லை. அழுதிருந்தால் கோபம் தணிந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது. இரண்டு சீட்டுகளையும் எடுத்து உறை மாற்றிப் போட்டு, பழையபடி அடுக்கி வைத்தாள். அந்தத் தூபுக்காரிக்கு ஒற்றைக் கோடு போதும் என்று நினைத்தபோது, பல நாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் சபையில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவே திரை. ஞானஸ்நானத்துக்கு மட்டும் பெண்கள் திரையைத் தாண்டி முன்னால் போய் மண்டியிட்டார்கள். வாத்தியார் தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்தி நின்றார். முதலில் வாத்தியார் வீடு. அவள் உறையைக் கொடுத்தாள். மா பாதிரியார் சீட்டை எடுத்தார், படித்தார், புருவத்தைச் சுருக்கி வாத்தியாரைப் பார்த்தார்.

"ரூத்து?" என்றார் மெல்ல.

ரூத்து கதை அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். புருஷனைப் பறிகொடுத்து அயலூரில் கதிர் பொறுக்கியவள். புருஷன் குத்துக்கல்லாக எதிரே நிற்க அவன் மனைவிக்கு ஒரு விதவையின் பெயரா? பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஜாசான்காரிக்குத் தலைக்குள் ஏதோ இடிந்தது. கிண்ணத்துத் தண்ணீர் தளும்பி வாத்தியாரின் வெள்ளை அங்கியில் வழிந்தது. அவர் வாயைத் திறந்தார். சபை நடுவே, ஆண்கள் முன்னால், என் மனைவிக்கு நான் வைத்த பெயர் இதில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் படித்த மனிதன் மனைவி பேச்சை நாலு பேர் நடுவில் எடுப்பானா? அவர் வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் அவள் உச்சியில் விழுந்தது.

அடுத்து தூபுக்காரி. அவள் உறையிலிருந்து வந்தது "இல்சிம்" என்ற பெயர். அவள் உச்சியிலும் தண்ணீர் விழுந்தது. ஊற்றிய தண்ணீரை அள்ள முடியாது. அதுவும் இந்தத் தண்ணீரை ஒருவருக்கு ஒருமுறைதான் ஊற்றுவார்கள்.

எல்லாம் முடிந்து சாப்பாடு. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள், எல்லார் கையிலும் குளிர்ந்த பக்வீட் மாவு நூடுல்ஸ். மா பாதிரியார் வாய் நிறைய உறிஞ்சிக்கொண்டே, அந்த இல்சிம் என் பட்டியலில் இல்லையே, எங்கே பிடித்தீர்கள் வாத்தியாரே என்று கேட்டார். வாத்தியார் பேசினார், அதே தாழ்ந்த குரலில்.

"மத்த ஆறும் உங்க பட்டியலப் பார்த்து எழுதினதுங்க. அந்த எழுத்துகளுக்கு ஓசை மட்டும்தான், பொருள் கிடையாது. இது ஒண்ணுதான் நானா யோசிச்சது. எட்டு மாசம் ஆச்சு. இல் அப்படின்னா ஒண்ணு, சிம் அப்படின்னா மனசு. ஹனனிம் பேருல இருக்கற அந்த ஒண்ணு இருக்கே, ரெண்டாவது இல்லாத ஒண்ணு, அதை எடுத்து வச்சேன். மனுஷங்கள்ள ஒருத்தரப் பார்த்துத்தான் அப்படிச் சொல்ல முடியும். கடவுள் கோச்சுக்குவாரோன்னு பயந்தேன். பரவாயில்லன்னு எழுதிட்டேன்."

யாருக்காக யோசித்தது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் மனைவி திருடியாவாள், தூபுக்காரி ஏமாந்தவளாவாள். ஆண்கள் தலையை ஆட்டி மெச்சினார்கள்.

திரைக்கு இந்தப் பக்கம் தூபுக்காரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தது ஜாசான்காரி.

"கேட்டீங்களாக்கா. எனக்குப் போய் இவ்வளவு பெரிய பேரா. புருஷன் செத்த அன்னிலேர்ந்து என்னைய யாருமே ஒரு ஆளா எண்ணினதில்லக்கா."

சோயா அரைத்து அரைத்துக் காய்ப்பு ஏறிய கை. ஜாசான்காரிக்கு அதை உதற வேண்டும் போலிருந்தது, பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அது என்னுடையதுடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. இதுவரை பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இல்லாத ஒன்றுக்காக எரிவது வேறு. தன்னுடையதைத் தன் கையாலேயே அடுத்தவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு எரிவது வேறு.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் தொப்பியைக் கழற்றி வைத்தார். திட்டவில்லை. ஏன் மாற்றினாய் என்று மட்டும் கேட்டார்.

"அவ சீட்டுல கோடு நிறைய இருந்துச்சு" என்றாள்.

"அது பட்டியல்ல மூணாவது பேரு. பார்த்து எழுதினேன். தேநீர் ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் கேட்காததைக் கேட்டாள். ஒரே ஒருதடவை அந்தப் பெயரால் கூப்பிடுங்கள், கதவைச் சாத்தியாயிற்று, யாரும் இல்லை, மெதுவாகச் சொன்னால்கூடப் போதும் என்றாள்.

அவர் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"இப்ப அது அடுத்த வீட்டுப் பொம்பள பேரு. இந்த வீட்டுக்குள்ள அத எப்படி நான் சொல்றது? சொன்னா நீ தாங்குவியா?"

தாங்க மாட்டாள். அவர் வாயில் அந்தப் பெயர் வந்தால் அவள் கண்ணில் வருவது தூபுக்காரியின் ஈர முகமாகத்தான் இருக்கும். அவரைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ரூத்து என்று கூப்பிடவும் அவருக்கு நா எழவில்லை, தன்னைத் தானே பாடையில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறதென்றார். "இந்தா, கொஞ்சம் வெந்நீர் வை" என்றார். அவள் எழுந்துபோய் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் தூபுக்காரி வாசலில் வந்து நின்றாள். கையில் ஆவி பறக்கிற தூபு. விலைக்கில்லை, வாத்தியாருக்கு நன்றிக்கு என்றாள். கொடுத்தபிறகும் போகவில்லை. முந்தானைத் துணியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. பேரு வாங்கி மூணு நாளாச்சு. கூப்பிடத்தான் ஆளில்ல. வீட்டுல நான் ஒருத்தி. சந்தையில இன்னமும் ஏ தூபுங்கறானுங்க. வாத்தியாரு ஞாயித்துக்கிழம பட்டியல் வாசிச்சாத்தான் உண்டு. நீங்க ஒருக்கா கூப்பிடுங்களேன். நான் அந்தப் படல்கிட்டப் போயித் திரும்பி நின்னுக்கறேன். பின்னாலேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் அவள் முற்றத்தைக் கடந்து படலருகே போய் முதுகைக் காட்டி நின்றாள். ஜாசான்காரி தூபுக் கிண்ணத்தோடு நின்றாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. வேலை கிடக்கு போடி என்று சொல்லியிருக்கலாம். அந்த முதுகு, அடி வாங்கப் போகிற பிள்ளையின் முதுகு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஜாசான்காரி கூப்பிட்டாள்.

"இல்சிம்."

குரல் வெளியே வரவே இல்லை. தூபுக்காரி திரும்பாமலே, கேக்கலக்கா, சத்தமாக் கூப்பிடுங்க என்றாள்.

ஜாசான்காரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். கூப்பிட்ட வேகத்தில், படலருகே நின்றவள் முகம் திருப்புவதற்குள், ஜாசான்காரியே "ம்" என்று சொல்லிவிட்டாள்.